அக்கா அழுத்திய பச்சை பட்டன்

கொஞ்ச நாளாக அக்காவுக்கு மறதி. இன்று வேலூருக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன்.

கம்ப்யூட்டரில்தான் பரிசோதனை. திரையில் இரண்டு உருவங்கள் வரும். ஒரே மாதிரி இருந்தால் பச்சை பட்டன், வேறாக இருந்தால் சிவப்பு.

கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிய உருவங்கள் வந்தபோதெல்லாம் அக்கா தயங்காமல் பச்சையை அழுத்தினாள். அத்தனையும் தப்பு என்றது கம்ப்யூட்டர்.

"ஏன்க்கா அதையே அழுத்தற?"

"இது லெஃப்ட்டு, அது ரைட்டு. ஜோடி சரியாத்தான இருக்குது?"

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இடது ஷூவுக்குப் பொருத்தமான வலது ஷூவைத் தேடி ஜோடி சேர்ப்பதுதான் அக்காவின் வேலை. போன வருஷம்தான் நின்றாள். பரிசோதனை செய்த பெண்ணிடம் இதைக் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அந்தப் பகுதிய விட்டுட்டும் பாத்தேன் சார். எத்தன சரி, எவ்ளோ சீக்கிரம் அழுத்தினாங்க, ரெண்டையும் அவங்க வயசுக்காரங்களோட ஒப்பிட்டுத்தான் மார்க் வரும். மத்ததுலயும் ரொம்ப கம்மியா இருக்குது."

நான் நம்பவில்லை. பஸ் ஏறும்வரை அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மாதனூர் பக்கம் வரும்போது ஒரு கம்பெனி பஸ் எங்களைக் கடந்து போனது. அக்கா அது மறையும்வரை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எந்த செக்‌ஷன்ல வேலை செய்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "எனக்கும் உங்கள மாதிரியே ஒரு தம்பி இருக்கான்."

இதற்குப் பச்சையா, சிவப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.