சேதி எழுதக் கட்டமில்லை

ஏற்காட்டில் ஏரிப் பக்கம் பெரிய பேக்கரி ஒன்று வந்த பிறகு, பஜாரில் இருக்கும் எங்கள் கேக் கடைக்கு டூரிஸ்ட் கூட்டம் வருவது நின்றுபோனது. "இந்தக் கிறிஸ்மஸ் பாப்போம். ஓடலைன்னா ஜனவரியில அடுப்ப அணைச்சுட்டுச் சேலத்துக்கு எறங்கிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நின்று வேலை பார்க்கும் அடுப்பு அது. அணைப்பாராம்!

அந்தக் கோபத்தில்தான் வெப்சைட் போட்டேன். சேலத்தில் ஒரு தம்பி குறைந்த காசுக்குச் செய்து தந்தான். ஒரே பக்கம். மேலே கேக் படம். கீழே ஆர்டர் கொடுக்கிறவர் பெயரும் போன் நம்பரும், என்ன கேக், எங்கே கொடுக்க வேண்டும் என்பதும் எழுதக் கட்டங்கள்.

"வேற ஏதாச்சும் எழுதோணும்னா எடமே இல்லியே தம்பி?"

"அக்கா, நீங்க சொன்ன பட்ஜெட்டுக்கு இவ்வளவுதானுங்க வரும்."

கேக் வாங்குகிறவன் கதையா எழுதப்போகிறான் என்று நானும் விட்டுவிட்டேன்.

சென்னையும் பெங்களூரும் வந்து குவியும் என்று கனவு கண்டேன். டிசம்பர் பிறந்தும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் என் போனைப் பார்ப்பார், சிரிப்பார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது யோசித்தால் புரிகிறது. முன்பின் தெரியாதவன் எங்களை எதற்குத் தேடப்போகிறான்? ஏற்காடு கேக் என்று தேடுகிறவன் இங்கே அதைத் தின்று வளர்ந்தவனாகத்தான் இருப்பான்.

அப்படித்தான் முதல் ஆர்டர் வந்தது, லண்டனிலிருந்து. ஒரு பிளம் கேக். கொடுக்க வேண்டிய இடம், இங்கே பக்கத்தில் கிளியூரில் ஆர்டர் போட்டவனின் அப்பா வீடு. அந்த அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பனி மூடிய ஒரு மத்தியானம் ஸ்கூட்டரில் நானே கொண்டுபோனேன். பெரியவர் பெட்டியை வாங்கி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, பையன் சேதி ஏதாச்சும் எழுதியிருக்கானா?"

"இல்லீங்கய்யா. அதுல எழுத எடமில்லீங்க."

"எடமில்லியா..." என்றார். "அவங்கம்மா போனதுக்கப்புறம் இந்த ஊட்ல போன் அடிக்கறதே நொம்பக் கொறஞ்சு போச்சு."

பெட்டியை மேசைமேல் வைத்தார். திறக்கவில்லை.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். சேலத்துத் தம்பி மேலா, காசைப் பார்த்த என் மேலா, கேக்கை அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று இருக்கும் மகன் மேலா, தெரியவில்லை. ஆர்டரில் நம்பர் இருந்தது. அங்கே விடிந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் அடித்துவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் யார் என்றது.

"ஏற்காட்டுக் கேக் கடைங்க. கேக் வந்து சேந்துருச்சுங்க. அப்பா பக்கத்துலதான் நிக்கறாரு. சேதி என்னன்னு கேக்கறாரு. நீங்களே சொல்லிருங்க."

போனைப் பெரியவர் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே முதலில் மழையைப் பற்றிப் பேச்சு. பிறகு, இந்த வருஷம் மிளகு எப்படி என்று. பிறகு பெரியவர் குரல் உடைந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த மகன் தன்னோடு இங்கே படித்தவர்களிடம் சொல்லியிருக்கிறான். துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் வந்தது. எல்லாமே மலையில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு. ஒவ்வொரு வாசலிலும் நின்று நம்பரை அடித்துக் கொடுத்தேன். கொட்டோ கொட்டென்று கொட்டவில்லை. ஆனாலும் ஜனவரியில் வீட்டுக்காரர் சேலத்துப் பேச்சையே எடுக்காமல் ஒரு வண்டி விறகு இறக்கிப் போட்டார்.

கோடை சீசனுக்கு முன் சேலத்துத் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் சேத்துக் குடுத்தீங்கன்னா, சேதி எழுத ஒரு கட்டம் வெச்சுத் தந்தர்றேனுங்க."

"வேண்டாஞ் சாமி" என்றேன். "கட்டம் வெச்சா எழுதிப் போட்டுருவாங்க. அப்பறம் எங்க பேசப்போறாங்க?"