தெராத்தாய் விதை கேட்கப் போனேன்

சீன மருந்துக் கடைக்காரம்மா என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்பத்தொரு வயதாகியும் அவ்வளவு புத்தி எங்கே வந்தது?

விஷயம் என் மகளைப் பற்றியது. எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரு மட்டும் போட்றாதீங்கம்மா" என்றாள். போடவில்லை.

பாகான் செராய் பக்கம் ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஃபார்ம் ஒன், இடைநிலைப் பள்ளியின் முதல் வருடம். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம் - அவளைத் தவிர. பன்னிரண்டு வயது முடிந்தும் படுக்கையை நனைக்கிற பழக்கம் போகவில்லை. "முப்பது பேரு ஒரே ரூம்ல படுக்கணும்மா... நான் போகல" என்று ஒரே அழுகை.

ஆபீசில் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் ஆ லான்தான் வழி சொன்னாள். பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த சீனப் பெண், தமிழ் சரளம். குளத்து அல்லியின் விதையைக் கஞ்சியில் வேகவைத்துக் கொடுத்தால் நிற்குமாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் வைத்தியம். வட இந்தியாவில் அதையே பொரித்து விரத நாளில் சாப்பிடுகிறார்களாம். சீனப் பெயரும் சொன்னாள். ஈப்போ பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் அது எனக்கு மறந்துபோயிற்று.

மறந்தால் என்ன, மலாய் இருக்கிறதே! கடையில் "பீஜி தெராத்தாய்", அதாவது தெராத்தாய் விதை என்று கேட்டேன். அங்கேதான் வந்தது வினை. மலாயில் அல்லியும் தெராத்தாய், தாமரையும் தெராத்தாய்! கடைக்காரம்மா தாமரை விதையைப் பொட்டலம் கட்டி, நான் கேட்காமலே சிவப்புப் பேரீச்சையும் போட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்தார். "லெக்காஸ் டாபாட்லா!" சீக்கிரம் கிடைக்கும் என்று அர்த்தம். குணம் கிடைக்கும் என்கிறார், எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கஞ்சி. மகள் குடித்தாள். மிச்சத்தை என் வீட்டுக்காரர் குடித்தார். படுக்கை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

ஆ லானிடம் விதையைக் காட்டினேன். மேசையில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள். "ஐயோ அக்கா! இது லின் சீ. கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்கறது. சீனத்துல பேரைச் சொன்னாலே வரிசையா புள்ளைன்னு காதுல விழும்லா!"

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தார். மகள் சிரித்தாள் பாருங்கள்... இடம் கிடைத்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது.

"நானும்தான்டி. தோட்டத்துல இருந்தப்ப, பதினாலு வயசு வரைக்கும்."

"நெசமாவாம்மா? ஏன் சொல்லவே இல்ல?"

ஏன் சொல்லவில்லை? வெட்கம்தான். பிள்ளை தவித்துக்கொண்டிருக்கிறது, நான் என் மானத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

பிறகு ஆ லானையே கூட்டிப்போய்ச் சரியான விதையை வாங்கினேன். வெளியே சிவப்புத் தோல், உள்ளே வெள்ளை. குணம் விதையாலா, பேச்சாலா, வயதாலா... யார் கண்டது? ஒரு வழியாக நின்றது. மகளும் கிளம்பிப் போனாள்.

போன வாரம் கடிதம் போட்டிருந்தாள்.

"அம்மா, அந்த விதை இன்னொரு பாக்கெட் அனுப்புங்க. எனக்கு இல்ல. பக்கத்துக் கட்டில் பொண்ணு, யாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி பெட்ஷீட் தொவைக்கிறா. என் கதையைச் சொன்னேன். உங்க கதையையும் சேர்த்துச் சொல்லிட்டேன். இந்தத் தடவை பார்த்து வாங்குங்க - இங்க யாருக்கும் கல்யாணம் இல்ல."