சங்கோக்கின் இருபதாவது வீடு

1966: வட்டத்தில் 9,412 பேர். சங்கோக்கில் 71 வீடுகள்.
1988: 4,105 பேர். 43 வீடுகள்.
2009 செப்டம்பர் 30: 2,037 பேர். 20 வீடுகள்.

மா தொங்-ஷிக்கின் வாழ்க்கையை இந்த மூன்று வரிகளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. வட்ட அலுவலகத்தில் நான் குடிப்பதிவு எழுத்தராக இருந்ததால் அவரை நன்கு அறிவேன். 1941இல் பிறந்தவர். மிளகாயும் இஞ்சியும் பயிரிட்டார். 1983 முதல் சங்கோக்கின் ஊர்த்தலைவர். காலையில் ஊர் மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டு, உர மூட்டை வந்ததையும் டாக்டர் வரப்போவதையும் அறிவிப்பார். அந்த மைக்கை வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை.

2009இல் மாவட்ட நிர்வாகம் புது விதி போட்டது. ஆண்டு முடிவில் இருபது வீட்டுக்குக் குறைந்த ஊர் பக்கத்து ஊரோடு சேர்க்கப்படும். இரண்டு ஊருக்கும் ஒரே தலைவர். சங்கோக்கில் ஒரு வீடு குறைந்தாலும் தலைமை, கீழே பள்ளத்தில் இருக்கும் ஹகோக்கின் தலைவர் பியோ இன்-ஹோவுக்குப் போய்விடும்.

பியோ மீது மாவுக்கு எரிச்சல் புதிதல்ல. பேருந்து முதலில் ஹகோக்குக்குத்தான் வந்தது. தார்ச்சாலையும் அப்படித்தான். அக்டோபர் 24 அன்று பியோவுக்குப் பேத்தி பிறந்தாள். மூன்று ஆண்டுகளில் வட்டத்தில் பிறந்த முதல் குழந்தை. மருமகள் வியட்நாம்காரி. வழக்கப்படி எங்கள் அலுவலகம் முச்சந்தியில் வாழ்த்துப் பதாகை கட்டியது. சங்கோக்குக்குப் போகிறவர்கள் அதன் கீழேதான் போகவேண்டும். மா அன்றிலிருந்து மோட்டார் சைக்கிளை வரப்பில் தள்ளிக்கொண்டு சுற்றுவழியாகப் போய்வந்தார்.

நவம்பர் 12 அன்று வீட்டுக் கணக்கைச் சரிபார்க்க ஊர் மண்டபத்துக்குப் போனேன். ஊரார் சேர்ந்து கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளை அறிவித்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கொட்டகையில் நெல் உலர்த்தும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது; வெளிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"பதாகையப் பாத்தீங்களா, குவாக் சார்? குழந்தை ஒரு முழம், துணி எட்டு முழம்."

"எல்லாருக்கும் கட்டுறதுதானே, தலைவரே."

"எங்க ஊர்ல யாருக்குக் கட்டுனீங்க?"

"உங்க ஊர்ல யாரு பெத்தா?"

அவர் முகம் சுண்டியது. "இன்-ஹோ பய தானே பெத்த மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியறான். அந்த மருமகப் பொண்ணு எத்தன நாளைக்கு இருக்கும்னு பாப்போம். பையத் தூக்கிட்டுக் கெளம்பிருச்சுன்னா, அவன் பதாகையத்தான் தொட்டில்ல போட்டு ஆட்டணும்."

கதவு திறந்தது. பியோவின் அக்கா காப்-சுன் நின்றார். சங்கோக்கில் வாழ்க்கைப்பட்டு, கணவர் போன பிறகு தனியாக இருந்தவர். கையெல்லாம் மிளகாய்ப் பொடி.

"தொங்-ஷிக், மைக்க அணைப்பா. கீழ ஊர் வரைக்கும் கேட்டாச்சு."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சும்மா பேசுனதுக்கா..."

"அந்தப் புள்ள பச்ச உடம்போட படுத்திருக்கு. நம்ம பேச்சு இப்பத்தான் அதுக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு. புரிஞ்சு கேட்டது உன் பேச்ச."

திங்கட்கிழமை காப்-சுன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தம்பி வீட்டுக்குப் பதிவை மாற்ற வேண்டும் என்றார். பின்னாலேயே மா ஒரு பெட்டிச் சீமைப் பனிச்சைப் பழத்தோடு வந்தார்.

"ஜனவரி வரைக்கும் இருங்கக்கா. அப்புறம் நானே சாமான ஏத்திவிடறேன்."

"புள்ள பெத்தவளுக்குக் கடல்பாசி சூப் வெச்சுக் குடுக்க ஆள் இப்ப வேணும். ஜனவரியில இல்ல."

"நீங்க போனா இருபதுல ஒண்ணு கொறையும்."

"தெரிஞ்சுதான் வந்தேன்."

நான் முத்திரை குத்தினேன். மா பழப்பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார்.

"இன்-ஹோ சந்தோஷமா இருக்கானாக்கா?"

"பேத்தி பொறந்திருக்கா. இல்லாம என்ன?"

சங்கோக் ஹகோக்கோடு சேர்க்கப்பட்டதையும், இனி அறிவிப்புகளை பியோ இன்-ஹோ செய்வார் என்பதையும் தெரிவித்த மாவட்டக் கடிதம் மாவின் கைக்கு வந்தது 2010 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை.