ஓட்டுநர் இருக்கை இல்லாத வண்டி

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கேட் செய்து மாட்டியவர் அவர்தான். அதனால் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கேட்காரர் வீடு எது என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். வீட்டின் முன்பகுதியே பட்டறை. செய்த வேலையில் ஒரு நூல் கோணல் இருந்தாலும் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. மாட்டிவிட்டுப் போன கேட்டை மறுவாரம் தானாகவே வந்து தள்ளித் தள்ளிப் பார்ப்பார். "ம்" என்பார். அவ்வளவுதான், போய்விடுவார்.

அவருடைய அக்கா அதற்கு நேர்மாறு. பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வாய் ஓயாது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பிய ஒரு மழைநாளில், சறுக்கி வந்த லாரி மோதி, இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குத்தான் வந்தார், சக்கர நாற்காலியோடு. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

வெளியே போவதுதான் பெரும்பாடு. தம்பி அக்காவைத் தூக்கி வாடகைக் காரில் உட்காரவைத்து, நாற்காலியை மடக்கிப் பின்னால் திணிக்க வேண்டும். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய பிடி நழுவியது. அக்கா படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்லீங்க, என் தம்பிக்கு இரும்பைத் தூக்கித்தான் பழக்கம்" என்று அக்கா சிரித்துச் சமாளித்தார். ஆனால் அதற்கப்புறம், கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த மாதம் பட்டறைக்கு ஒரு பழைய கார் வந்து சேர்ந்தது. உயரமான கூரை, அகலமாகத் திறக்கும் பின்கதவு, கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி.

"ஏங்க, இதை வெட்டிக் கேட் பண்ணப் போறீங்களா?" என்றார் மனைவி.

"அக்கா நாற்காலியோட நேரா உள்ள போகணும். தரையைத் தாழ்த்தப் போறேன்."

சொன்னது எளிது. காரின் தரையைப் பின்பக்கமாக வெட்டியதும் அடியில் குறுக்கே ஓடிய கனத்த அச்சு வெளியே தெரிந்தது. இரண்டு பின்சக்கரங்களையும் தாங்குவதே அதுதான். அது இருக்கும்வரை தரை இறங்காது. அதை எடுத்தால் சக்கரங்களுக்குப் பிடிப்பு ஏது? பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கைகள் செய்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே ஸ்பிரிங்கோடு தொங்கவிடுவது என்று முடிவெடுத்தார். சிமென்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்குப் படம் வரைந்தார். அவர் மனைவி அதை மிதிக்காமல் பக்கவாட்டில் நடந்தே பல நாள் வாசல் கடந்தார்.

முதலில் செய்த கைகள் கேட்டுக்கு வாங்கிவைத்த சதுரக் குழாயில். ஜாக்கியை இறக்கியதும் இரண்டு சக்கரங்களும் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"டேய், உன் வண்டி முட்டி தட்டுது" என்றார் அக்கா ஜன்னல் வழியாக.

கேட்காரர் ஜாக்கியை மறுபடி ஏற்றினார். கழற்றினார். கனமான உருட்டுக் குழாய் வாங்கி, முனைகளை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கி, மறுபடி செய்தார். தரைக்கடியில் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிக்க ஒரு குறுக்குச் சட்டம் வைத்தார். இப்போது சக்கரங்கள் நேராக நின்றன. ஆனால் ஸ்பிரிங் விறைப்பு. எடைக்காக என்னையும் ஏற்றிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். நான் உட்கார்ந்த நேரத்தைவிட அந்தரத்தில் இருந்த நேரம்தான் அதிகம்.

"சல்லடையில போட்டுச் சலிச்ச மாதிரி இருக்குடா" என்றார் அக்கா. "வலப்பக்கம் கொஞ்சம் தேவலை. இடப்பக்கம்தான் உதைக்குது."

வேன் ஓட்டிய உடம்பல்லவா, அவர் சொன்னது சரியாக இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றுவதும் அக்காவை ஏற்றிப் பார்ப்பதுமாகவே மழைக்காலம் போயிற்று. கடைசியில் ஒருநாள் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

கேட்காரருக்கு வாயெல்லாம் பல். வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினார். "என்னக்கா, பேச்சையே காணோம்? நல்லா இருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"இவ்வளவு நேரமும் உன் பின்மண்டையைத்தான்டா பாத்துட்டு வந்தேன்." என்றார் அக்கா. "எனக்குக் கால்தானே போச்சு. ஓட்டத் தெரியாம போயிடல. மூட்டை மாதிரி என்னை ஏத்தி இறக்கறதுக்கா இவ்வளவு பாடு பட்டே?"

கேட்காரர் வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். சில நாள் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. பட்டறையில் சுத்தியல் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. "அண்ணி கேட்டதுல தப்பே இல்லீங்க" என்று, அக்காவை அண்ணி என்றே கூப்பிடும் மனைவி சொன்னதற்கு, "தப்புன்னு நான் சொன்னேனா? எனக்குத் தோணலையேன்னுதான் எரிச்சலா இருக்கு" என்று பதில் வந்தது.

பிறகு ஒரு காலையில் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றித் தெருவோரம் வைத்தார். எதிர்வீட்டுப் பூனை அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது.

முன்பக்க வேலை இன்னும் கடினம். இருக்கைக்குக் கீழே, வண்டியின் முதுகெலும்பு மாதிரி நீளச் சட்டம் ஒன்று ஓடியது. அங்கும் தரை தாழ வேண்டுமானால் அதை வெட்டி, வெளிப்பக்கமாக வளைத்துக் கொண்டுபோய், மறுபடி சேர்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றி முட்டுக் கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒருநாள் முழுக்க யோசித்துக்கொண்டே நின்றார். நாற்காலி வந்து பூட்டிக்கொள்ளத் தரையில் கொக்கி வைத்தார். பிரேக்குக்கும் வேகத்துக்கும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரே கைப்பிடி: தள்ளினால் நிற்கும், இழுத்தால் போகும்.

சோதனைக்கு வந்த வாகன அதிகாரி ஓர் அம்மாள். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "பின்பக்கம் அருமையா பண்ணியிருக்கீங்க. ஆனா முன்னால சட்டம் வளையற இடத்துல வெறும் வெல்டிங்கை நம்பாதீங்க. ரெண்டு பக்கமும் தகடு வைங்க. அப்புறம் பாக்கலாம்."

"என் வெல்டிங் விடாதுங்க" என்று முறுக்கிக்கொண்டுதான் கேட்காரர் வீட்டுக்கு வந்தார். ஆனால் சாப்பிட்டு எழுந்தவர் தானே வண்டிக்கடியில் புகுந்து பார்த்தார். வெளியே வந்து, "அந்தம்மா சொன்னதுதான் சரி" என்றார். தகடு ஏறியது. அனுமதியும் வந்தது. கைப்பிடியால் ஓட்டக் கற்று, அக்கா தன் ஓட்டுநர் உரிமத்தையும் புதிதாக வாங்கிக்கொண்டார்.

உரிமம் வந்த அன்று அக்கா பின்கதவுச் சாய்பலகையில் தானே உருட்டிக்கொண்டு ஏறினார். உள்ளே நேராக முன்னால் போனார். கொக்கி 'டக்' என்று பூட்டியது. தம்பி பின்னால் உட்கார்ந்தார். தெருமுனை தாண்டும்வரை அவர் தலை குனிந்தே இருந்தது. இடப்பக்கச் சக்கரத்தில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"தலையைத் தூக்குடா, ஒண்ணும் கழண்டு விழாது" என்றார் அக்கா. "எங்க போகணும், சொல்லு."

"நீதானேக்கா ஓட்டற. உனக்கு எங்க தோணுதோ அங்க போ."

ஊரைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியதும் அக்கா கைப்பிடியை இழுத்தார். கேட்காரர் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதா என்று பிறகு நான் கேட்டதற்கு, ஜன்னல் திறந்திருந்தது, காற்று என்றார்.

இப்போது அந்த வீட்டுக்குப் போனால் அக்காவைப் பார்ப்பது அபூர்வம். யாரையாவது ஆஸ்பத்திரிக்கு, யாரையாவது ரயிலுக்கு என்று காலையிலேயே கிளம்பிவிடுகிறார்.

"அண்ணி வீட்டுலயே தங்கறதில்லைங்க" என்று குறை சொல்கிறார் கேட்காரரின் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக.