கீச்சுக் குரல் கசெற்

போர்க்கால ரேடியோவின்ரை நேயர் கடித நிகழ்ச்சியைப் பற்றி வரலாறு எழுதுறன் எண்டு உங்களுக்குத் தெரியும். நிலையத்திலை ஒரு பதிவும் மிஞ்சேல்லை.

இண்டைக்கு கொக்குவிலிலை ஒரு அன்ரி, தன்ரை கடிதம் வாசிச்ச அண்டைக்குப் பதிஞ்ச கசெற்றைத் தந்தா.

போட்டன். அறிவிப்பாளர் நல்லாத்தான் தொடங்கினார். இரண்டு நிமிஷத்திலை குரல் கீச்சிட்டு, அணில் கத்தினமாதிரிப் போச்சு. இருக்கிற ஒரே பதிவும் பழுதோ?

அன்ரி சிரிச்சா. "பழுதில்லைத் தம்பி. அப்ப கரண்ட் எங்கை? இவர்தான் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை ரேடியோ ரெக்கோடரை ஓட்டினவர். களைச்சு மெதுவாச் சுத்தின இடமெல்லாம் நாடாவும் மெதுவா ஓடிப் பதிஞ்சது; இப்ப சரியான வேகத்திலை போட உப்பிடித்தான் கேக்கும்."

அப்பாடா!

பக்கத்திலை இருந்த அவவின்ரை மனுசன் வலக்கையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இவவின்ரை கடிதம் வருமட்டும் கேளும். அதிலை ஒரு சொல்லும் பிசகாது."

கேட்டன். பிசகேல்லை.

அறிவிப்பாளரின்ரை பேர் எல்லாருக்கும் தெரியும். சுத்தின ஆக்களின்ரை பேரையும் புத்தகத்திலை போடப்போறன். உங்கடை வீட்டிலை ஆர் சுத்தினது?