கழலாத பசை

திகனயில் உள்ள என் இறைச்சிக் கடைக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு பெண் வருவார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. ஒரே ஒரு மாட்டிதயம்தான் கேட்பார். அதை வாங்கியதும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பார்.

“இதை எப்படி ஆக்குவீங்க மிஸ்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சமைக்க இல்ல நானா,” என்றார், எங்கள் ஊர் வழக்கப்படி என்னை அண்ணனாக அழைத்து. “கெம்பஸ் லேப்ல ஒரு பசை செய்றோம், ஜெலி மாதிரி. ஈரமான இதயத்துல ஒட்டணும். துடிக்கிறப்போ கிழியக்கூடாது. காயம் ஆறினதும் தானா கரைஞ்சிடணும்.”

நான் யாரிடமும் பேசாத ஒன்றை அவரிடம் சொன்னேன். என் மகளுக்கு மூன்று வயதில் இதயத்தில் ஒப்பரேஷன் நடந்தது. தையல் போட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது, நிற்கவில்லை.

“பிள்ளை மௌத்தாகிட்டா மிஸ்.”

அவர் கையிலிருந்த இதயத்தைப் பார்த்தார்.

“இன்னும் சரியா ஒட்டல நானா. போன வாரமும் கழண்டிருச்சு,” என்றார், என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

சில மாதங்கள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மழையில் நனைந்தபடி வந்தார்.

“ரெண்டு நாளாச்சு நானா, இன்னும் கழண்டு வரல!”

மனிதருக்குப் போட இன்னும் பல வருஷம் ஆகுமாம். ஆனாலும் பசை ஒட்டியதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். எதுவும் வாங்காமலே திரும்பிப் போனார்.

அன்று வீட்டில் மனைவியிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மகள் போன பிறகு, அவளைப் பற்றி நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியது அன்றுதான்.