பாலுக்குப் பயந்து நிறுத்திய இன்ஹேலர்

எனக்குத் தூசி அலர்ஜி உண்டு. தும்மலில் தொடங்கி மூச்சுத்திணறலில் முடியும். குழந்தை தாய்ப்பால் குடிக்கிறாளே, மருந்து பாலில் கலந்துவிடுமோ என்று பயந்து, யாரையும் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. அது குறைந்தால் பெரியவர்களுக்கும் அலர்ஜி கூடலாம் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் வெயிலே போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

செம்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு காலை குழந்தையோடு வெயிலில் நின்றேன். பக்கத்து மனையில் வீடு கட்டும் தூசி காற்றில் வந்தது. தும்மினேன். பிறகு மூச்சு உள்ளே போகவில்லை. கத்தவும் முடியவில்லை. இடுப்பிலிருந்த குழந்தை மெல்ல நழுவுவது தெரிந்தது. ஆனால் கை இறுகவில்லை.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அக்கா பாய்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா ஆச்சு? மருந்து எங்க வெச்சிகீறே?"

"பீரோவுல..."

குழந்தையோடு ஓடிப்போய் எடுத்துவந்தார். எனக்கு மூச்சு சீரானதும் திட்டினார்: "புள்ளைக்குப் பயந்து புள்ளையவே கீழ போட இருந்தியே!"

மருத்துவர் சொன்னார்: "டி குறைவுக்கு மாத்திரை தரேன். அதனால அலர்ஜி குறையும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. இந்த இன்ஹேலரை பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம். நிறுத்தறதுதான் ஆபத்து."

இன்றும் அதைக் கையில் எடுத்தால் பழைய பயம் எட்டிப்பார்க்கிறது. அன்று என் கையிலிருந்து நழுவிய அந்தச் சின்ன எடையை நினைத்துக்கொண்டு மருந்தை உள்ளிழுக்கிறேன்.